ஒதிய மரத்து நிலா

பகலெல்லாம் அனலாய்க் காய்ந்த திருத்தணி மலைப்பாறைகள், மாலையில் பெய்த ஒரு சிறு கோடை மழையால் ஆவி விட்டுக் குளிர்ந்துகொண்டிருந்த ஒரு சித்திரை மாத இரவில், தரிசனம் முடிந்து இறங்குகிறவர்களோடு நானும் இறங்கிவிடாமல், முழங்கால் வலியை ஒரு நியாயமான சாக்காக வைத்துக்கொண்டு படிக்கட்டின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 என்று கணக்குச் சொல்லப்படும் அந்தப் படிகளில் நான் உட்கார்ந்த படி எந்தத் தேதிக்கு உரியதோ அறியேன். ஆனால் அதற்கு எதிர்ச் சுவரில், விளக்குக்கு ஒரு முழம் கீழே, யாரோ ஒரு பக்தர் கொழுந்து வெற்றிலைகளை விரித்து ஒட்டிவிட்டுப் போனாற்போல் ஒன்று தெரிந்தது. இலை அசையாத புழுக்கமான அவ்வேளையில், அந்த வெற்றிலையின் வால் மட்டும் மெல்ல அசைந்தது.

எழுந்து கிட்டே போனேன். படியோரத்தில் மீந்த பூவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்த பூக்கார அம்மாள், “தொடாதீங்க சாமி, அதோட பொடி கண்ணுல பட்டா கண்ணு போயிடும்” என்று எச்சரித்தாள். “இதுக்கு என்ன பேரும்மா?” என்று கேட்டேன். “பேரு என்ன பேரு, விட்டில்தான். கொஞ்சம் பெரிய விட்டில்” என்றாள்.

அவள் சொன்ன பெயரில் பிழை இல்லை. விளக்கைத் தேடி வரும் எல்லாவற்றையும் விட்டில் என்றும், அரிசியிலும் கம்பளியிலும் உண்டாகும் சிறு ஜந்துவை அந்து என்றும் இரண்டே சொற்களில் அடக்கிவிட்டு நம்மவர்கள் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். சமஸ்கிருதத்தில் பதங்கம் என்ற அழகான சொல் உண்டு, அதுவும் பொதுப்பெயர்தான். பாரத தேசத்தில் மட்டும் இவ்வினத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. பாடப்புத்தகங்கள் இவை அனைத்துக்கும் அந்துப்பூச்சி என்று பெயர் சூட்டிவிட்டன. சுவரில் நான் கண்ட அந்த ஜீவனை நிலா அந்துப்பூச்சி என்று அழைக்கும்போதெல்லாம், ஒரு ராஜகுமாரியை அரிசிப் பானைக்குள் இறக்கிவிட்டதுபோல் எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. கண் போய்விடும் என்ற பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அந்தப் பொடி, இறகின்மேல் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கப்பட்டிருக்கும் நுண்ணிய செதில்களின் உதிர்வு. கண்ணில் விழுந்தால் எந்தத் தூசியையும்போல் உறுத்துமே ஒழிய, பார்வையைப் பறிக்கும் விஷம் அதில் இல்லை.

இரவில் ஒரு பூச்சியை இன்னதென்று நிச்சயிக்க விரும்புகிறவன் முதலில் சந்தேகிக்க வேண்டியது, தன் கண்ணுக்குத் தெரியும் வர்ணத்தை. மஞ்சள் ஒளி வீசும் சோடியம் விளக்கின் கீழ் இந்தப் பூச்சி பழுத்த இலைபோல் தோன்றும். இப்போது எங்கும் வந்துவிட்ட எல்.இ.டி. விளக்கின் கீழ் ஏறக்குறைய வெண்மையாகத் தெரியும். பொழுது விடிந்த பிறகு பார்த்தால்தான், வாழைக் குருத்தை நீலம் கலந்த நீரில் தோய்த்தெடுத்தாற்போன்ற அதன் உண்மையான வெளிர்ப்பச்சை புலப்படும். நூதன சாலைகளில் குத்திவைத்த உருப்படிகளில் அந்தப் பச்சையும் வருஷங்களில் வெளுத்துப்போகிறது. ஆகையால் வர்ணத்தைக் கடைசிச் சாட்சியாக வைத்துக்கொண்டு, உருவத்தை முதலில் விசாரிப்பதே விவேகம்.

உருவத்தில் எடுத்த எடுப்பில் கண்ணைக் கவர்வது வால். பின்னிறகுகள் இரண்டும் கீழ்நோக்கி நீண்டு, ஒடுங்கி, பெண்குழந்தையின் பின்னலில் தொங்கும் ரிப்பன்போல் லேசாக முறுக்கிக்கொண்டு முடிகின்றன; அடிப்பகுதியில் ரோஜா நிறம் தடவினாற்போல் ஒரு சாயல். விரித்த இறகுகளின் அகலம் சுமார் 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை இருக்கும், வளர்ந்த மனிதரின் உள்ளங்கையை மறைத்துவிடும் அளவு. அடுத்துப் பார்க்க வேண்டியது முன்னிறகின் மேல்விளிம்பு. அங்கே கருஞ்சிவப்பான ஒரு பட்டை, ஓர் இறகின் நுனிப் பக்கத்தில் தொடங்கி, தோளைக் கடந்து, கழுத்துக்கு ஒரு சரடு கட்டினாற்போல் குறுக்கே ஓடி, மறு இறகின் விளிம்புக்குப் போய்ச் சேர்கிறது. தேர்ந்த ஓவியன் தூரிகையை எடுக்காமல் ஒரே வீச்சில் இழுத்த கோடு என்றே அதைச் சொல்லவேண்டும். நான்கு இறகுகளிலும் இறகுக்கு ஒன்றாகக் கண்போன்ற புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் ஒரு பக்கத்திலும் கரிய பிறைக்கோடு. உடல் வெண்பஞ்சு, கால்கள் குங்குமத்தில் தோய்ந்தவை. இத்தனை லட்சணங்களும் ஒருங்கே அமைந்திருந்தால், தென்னாட்டில் அது வேறொன்றாக இருப்பதற்கு இடமே இல்லை.

வாலுள்ள வண்ணத்துப்பூச்சிகளும் நம் தோட்டங்களில் உலவுகின்றனவே என்று கேட்கலாம். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நூல்போல் மெலிந்து, நுனியில் தீக்குச்சித் தலைபோல் பருத்து முடியும். நிலாப் பூச்சியின் உணர்கொம்போ இருபுறமும் பற்கள் வைத்த சீப்பு. ஆணுக்கு அந்தச் சீப்பு அகலமாகவும் அடர்த்தியாகவும், பெண்ணுக்கு ஒடுக்கமாகவும் இருப்பதால், ஆண் பெண் பேதத்தையும் அதைக்கொண்டே சொல்லிவிடலாம். அன்று சுவரில் இருந்தது பெண், வயிறு பருத்திருந்தது.

மயங்குவதற்கு இடமுள்ள மற்றவை சில உண்டு. டஸ்ஸர் பட்டு தரும் பூச்சி இதே குடும்பத்தைச் சேர்ந்தது, பருமனும் ஏறக்குறைய இதே. ஆனால் காவியும் பழுப்புமான அதன் இறகில் கண்ணாடிச் சில் பதித்தாற்போன்ற வட்டங்கள் இருக்குமே தவிர வால் கிடையாது. அரளியில் புழுவாக வளரும் பருந்துப்பூச்சி பச்சைதான் என்றாலும், ராணுவத்தார் உடுப்பைப்போலத் திட்டுத்திட்டான பச்சை; அந்தி நேரத்தில் பூவின் முன் அந்தரத்தில் நின்று நீண்ட உறிஞ்சியால் தேன் குடிப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் அட்லஸ் பூச்சி இவற்றிலெல்லாம் பெரிது; செங்கல் நிறம், இறகின் நுனி பாம்பின் தலைபோல் வளைந்திருக்கும். சற்றுப் பெரிய பூச்சி எது கண்ணில் பட்டாலும் அட்லஸ் என்றும், உலகத்திலேயே பெரியது என்றும், அபூர்வத்திலும் அபூர்வம் என்றும் படத்தோடு செய்தி போடும் வழக்கம் நம் பத்திரிகைகளுக்கு எப்படியோ வந்துவிட்டது. நிலாப் பூச்சி அவ்வளவு அபூர்வமானதன்று. இமயத்தின் அடிவாரம் தொடங்கிக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வறண்ட காடுகள் வரையில் அது வாழ்கிறது. அது பறக்கும் ஜாமத்தில் நாம் தூங்கிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவே.

சாஸ்திர உலகில் இதற்கு ஆக்டியாஸ் செலீனி என்று பெயர். ஜெர்மானியரான யாக்கோப் ஹியூப்னர் 1807-இல், கிரேக்கர்களின் சந்திர தேவதையான செலீனியின் பெயரை இதற்கு இட்டார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1758-இல், லின்னேயஸ் இதன் அமெரிக்க உறவினனுக்கு லத்தீன் மொழியில் சந்திரனைக் குறிக்கும் லூனா என்ற பெயரைக் கொடுத்திருந்தார். ஆக இரு கண்டங்களிலும் இக்குலம் நிலாவின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. நம் நாட்டுப் பதங்கங்களை முறைப்படி வகுத்து, 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட ஜார்ஜ் ஹாம்ப்ஸன், நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்தவர் என்பது நாம் கொஞ்சம் பெருமையோடு நினைத்துக்கொள்ளக்கூடிய செய்தி.

மலையேறி வருகிறவர்களில் பலர் கிருத்திகை விரதமிருந்து வருகிறவர்கள். அந்தச் சுவரில் ஒட்டியிருந்த பெண்ணோ இறகு முளைத்தது முதல் இறப்பது வரை முழு உபவாசம் இருக்கிறவள்; ஏனெனில் அவளுக்கு உண்பதற்கேற்ற வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது இலையைத் தின்று தேக்கிவைத்த சத்தே இறகு முளைத்த பிறகு முழு ஆயுளுக்கும் மூலதனம். அந்த ஆயுளும் ஏறக்குறைய ஒரு வாரம். பூவை நாடாத, தேனை அறியாத அந்த ஏழு நாட்களில் ஆணுக்குப் பெண்ணைக் கண்டுபிடிப்பதும், பெண்ணுக்குத் தக்க மரத்தைத் தேடி முட்டையிடுவதும் தவிர வேறு வேலை இல்லை.

இருட்டில் ஆண் எப்படிப் பெண்ணைக் கண்டுபிடிக்கிறது என்ற கேள்வியை உலகத்துக்கு மறக்கமுடியாத விதத்தில் எடுத்துச் சொன்னவர், தென் பிரான்சில் ஸெரிஞான் என்ற கிராமத்தில் வாழ்ந்த ழான் ஹென்றி ஃபாப்ர். ஐரோப்பாவின் வசந்தத்தில் பறக்கும் பெருமயில் பூச்சி என்ற, நம் நிலாப் பூச்சிக்கு உறவான ஒரு வகையின் பெண், ஒரு மே மாதக் காலையில் அவருடைய மேஜையில் கூட்டை விட்டு வெளிவந்தது. வேறு உத்தேசம் ஒன்றும் இல்லாமல் அதைக் கம்பிவலைக் கூண்டில் கவிழ்த்து வைத்தார். இரவு ஒன்பது மணி சுமாருக்கு அவருடைய சிறு மகன், பறவை அளவு பூச்சிகள் அறையெல்லாம் பறக்கின்றன என்று கூவிக்கொண்டு ஓடிவந்தான். எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த ஆண்கள் அன்றிரவு சுமார் நாற்பது. காற்றில் கலந்த ஏதோ ஒரு சூக்குமமான வாசனை அவற்றை அழைத்திருக்கவேண்டும் என்ற ஐயம் நெடுங்காலம் ஐயமாகவே இருந்தது. 1959-இல் அடால்ஃப் பூட்டனாண்ட் என்ற ஜெர்மன் ரசாயனி, ஏறக்குறைய ஐந்து லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து மிகச் சிறிதளவு திரவியத்தைப் பிரித்தெடுத்து, அந்த அழைப்பு ஒரு ரசாயனப் பொருளே என்று நிரூபித்தார். ஆணின் அகன்ற சீப்பு, அந்தத் திரவியத்தின் மூலக்கூறுகளைக் காற்றிலிருந்து சலித்தெடுக்கும் சல்லடை.

வாலின் கதை இன்னும் சமீபத்தியது. அது வெறும் அலங்காரம் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். அமெரிக்காவில் ஜெஸ்ஸி பார்பர் என்ற விஞ்ஞானியும் அவரோடு உழைத்தவர்களும், லூனாப் பூச்சிகளை ஓர் இருட்டறையில் வௌவால்களோடு விட்டு, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். வால் வெட்டப்பட்ட பூச்சிகளில் நூற்றுக்கு 81 பிடிபட்டன. வாலுள்ளவற்றில் நூற்றுக்கு 35 மட்டுமே. வௌவால் தன் கூச்சலின் எதிரொலியைக் கேட்டு இரையைக் குறிவைப்பது. சுழன்றாடும் வாலிலிருந்து வரும் எதிரொலி அதைத் திசைதிருப்ப, பாதிக்கு மேற்பட்ட தாக்குதல்கள் வாலின்மேல் போய் விழுந்தன. வால் போகும், உயிர் மிஞ்சும். நான் கண்ட பூச்சிக்கும் இடது வால் பாதியில் கடித்தெடுத்தாற்போல் நின்றிருந்தது. கடித்தது வௌவாலோ, சுவரோரத்துப் பல்லியோ, அதற்கு நான் சாட்சி அல்லன்.

இவ்வளவு சாமர்த்தியமும் மின்விளக்குக்கு முன்னால் செல்லாமற் போகிறது. விட்டில் விளக்கின்மேல் மோகம் கொண்டு வருகிறது என்று காலங்காலமாகச் சொல்லிவந்தோம். அது மோகமன்று, தடுமாற்றம் என்று 2024-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் அதிவேகக் காமிராக்களால் படமெடுத்துப் பார்த்தபோது, பறக்கும் பூச்சிகள் தங்கள் முதுகை ஒளியின் பக்கம் திருப்பிக்கொள்வது தெரிந்தது. இரவில் ஆகாயமே பூமியைவிட வெளிச்சமானது. முதுகு வெளிச்சத்தின் பக்கம் இருந்தால் தலைகீழாகிவிடாமல் பறக்கலாம். கோடானுகோடி வருஷங்களாகப் பொய்க்காத அந்த விதி, பக்கவாட்டில் ஒரு விளக்கு முளைத்ததும் பொய்த்துவிடுகிறது. பூச்சி விளக்குக்கு முதுகைக் காட்டிக் காட்டி, அதைச் சுற்றிச் சுற்றியே களைத்துப்போகிறது. விந்தை என்னவென்றால், மேலே சொன்ன அரளிப் பூச்சி இவ்விதிக்கு உட்படாத மிகச் சிலவற்றில் ஒன்று. ஏழு நாள் ஆயுளில் ஓர் இரவை நம் மலைப்பாதை விளக்கில் தொலைப்பது நிலாப் பூச்சிக்கு அற்ப நஷ்டமல்ல.

இனி மரத்துக்கு வருவோம். என் மனம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. இமயமலைப் பக்கத்தில் இதன் புழு அக்ரோட், காட்டுப் பேரி, காட்டுச் செர்ரி முதலிய மரங்களைத் தின்கிறது. நம் பக்கத்தில் அது விரும்பி உண்பது ஒதிய மரத்தின் இலையை. ஒதி பெருத்தாலும் உத்திரமாகாது என்று ஒரு பழமொழியால் நாம் நிரந்தரமாக அவமதித்துவைத்திருக்கும் அதே மரம். கட்டை மெத்து, தூணுக்கும் உத்திரத்துக்கும் உதவாது, கிளையை ஒடித்து நட்டாலே தழைத்துவிடும் என்பதற்காக வேலிக்காலாக நட்டு, ஆட்டுக்குத் தழை ஒடித்து, வேண்டாதபோது வெட்டியெறிந்துவிடுகிறோம். ஆனால் சாஸ்திரக்காரர்கள் நெடுங்காலம் இதை ஓடினா வோடியர் என்று தமிழ்ப் பெயராலேயே அழைத்தார்கள். ஒதியர் என்ற நம் சொல்தான் லத்தீன் வேஷம் போட்டுக்கொண்டு அங்கே போய் நின்றது. எல்லை தாண்டினால் இந்தப் பெயர் மாறிவிடுகிறது. சித்தூர் ஜில்லாவிலிருந்த திருத்தணி, ம.பொ.சி. அவர்கள் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் தேதியன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கு அப்பால் இம்மரத்தைக் கும்பெனா என்கிறார்கள். வேலிக்கு நடுவதில் மட்டும் இரு பக்கத்தாருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை.

ஒதியன் மாசி, பங்குனியில் இலையெல்லாம் உதிர்த்து, மொட்டைக் கிளையின் நுனியில் பூங்கொத்துகளைத் தொங்கவிட்டு நிற்கும். அந்தச் சமயத்தில் ஒரு தாய்ப் பூச்சி முட்டையிட்டால் குஞ்சுகள் பட்டினியால் சாகவேண்டியதுதான். ஆனால் பழுப்புப் பட்டு நூலால் இலையோடு சேர்த்துப் பின்னிய கூட்டுக்குள், கூட்டுப்புழு மாதக்கணக்கில் உறங்கிக் காத்திருக்க வல்லது. இளவேனிலில், கோடை மழை தொட்டு, ஒதியன் மறுபடி துளிர்விடத் தொடங்கும் காலத்தில் வெளிவரும் தாயின் குஞ்சுகளுக்குத் தளிர் சித்தமாக இருக்கிறது. சுவரில் கண்டது இன்னதுதான் என்று நான் உறுதிகொள்வதற்கு வாலும் கழுத்துப் பட்டையும் எவ்வளவு காரணமோ, மாதமும், மாலையில் பெய்த மழையும், அடிவாரத்து வேலிகளில் துளிர்த்து நின்ற ஒதியங்கிளைகளும் அவ்வளவு காரணம். மழைக்காலத்திலும் இதன் தலைமுறை தொடரும். ஆயினும் நீண்ட உறக்கம் கலைந்து முதலில் வருகிறவர்களுக்கு இறகின் செதில் ஒன்றுகூட உதிராத ஒரு பொலிவு உண்டு.

முட்டைகள் பொரிக்கப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஆகும். பிறந்த புழு செம்பழுப்பு நிறத்தில், இடுப்பில் கரிய பட்டை கட்டி, எறும்போ என்று ஐயுறும்படி இருக்கும்; நடுவில் பச்சை மாங்காய் நிறம் பூண்டு, நான்கு முறை சட்டை உரித்து ஐந்தாம் பருவத்தை அடைந்ததும், முதுகில் மஞ்சள் முத்துக்கள் பதித்தாற்போன்ற மேடுகளோடு, ஒரு விரல் நீளத்துக்குப் பருத்துவிடும். அவ்வளவு பெரிய புழு இலைக்கடியில் ஒட்டியிருந்தாலும், இலையின் பச்சையோடு அதன் பச்சை கலந்துவிடுவதால், கிளையைக் கையில் பிடித்திருப்பவனுக்கும் சுலபத்தில் தட்டுப்படாது.

அன்று பூக்கார அம்மாளிடம், கோயில் கடைகளெல்லாம் சாத்தியபிறகு அந்தச் சுவர் விளக்கு எரியத்தான் வேண்டுமா என்று கேட்டேன். “படியில ஆள் நடக்குதே சாமி” என்றாள். அது நியாயமான பதில். தன்னால் விளக்கை அணைக்க முடியாவிட்டாலும், பூக்கூடையை மூடியிருந்த பழைய தினசரித்தாளைச் சுவரோரமாக நீட்டி, கண்ணுக்கு முந்தானையை மறைத்துக்கொண்டே, பூச்சியை அதில் ஏற்றிக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் இருட்டில் இருந்த புதர்மேல் விட்டவள் அவள்தான். சிறிது நேரம் அது அங்கேயே நடுங்கியது. பின்பு எழும்பிற்று, ஒரு வால் முழுதும் ஒரு வால் பாதியுமாய்ச் சரிவில் இறங்கி மறைந்தது.

ஆனி மாதத்தில் திருத்தணிப் பக்கம் போகிறவர்கள், அடிவாரத்துத் தோட்டங்களின் ஒதிய வேலி ஓரமாக நடக்கும்போது ஒரு முறை தரையைப் பாருங்கள். மிளகைவிடப் பெரிய கரும்பச்சை உருண்டைகள் உதிர்ந்து கிடந்தால், அவை புழுவின் எச்சம். அவற்றுக்கு நேர்மேலே உள்ள கிளையை ஒடிக்காமல், இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள்.